பள்ளத்தில் இறங்கும் பனி

(உறைபனிக் காலத்தை முன்னிட்டு, உதகையில் தேயிலை, மலைக் காய்கறி விவசாயிகள் முன் ஆற்றிய உரை)

அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

தொட்டபெட்டா 2,637 மீட்டர். தமிழ்நாட்டில் அதற்கு மேல் இடம் கிடையாது. ஊட்டி டவுன் சுமார் 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். மேட்டுப்பாளையத்தில் வேர்த்தவர் ஊட்டியில் ஸ்வெட்டர் தேடுவது அந்தக் கணக்கில்தான். அப்படியானால் உறைபனியில் தொட்டபெட்டா உச்சிதானே முதலில் வெளுக்க வேண்டும்? ஆனால் ஜனவரி விடியற்காலையில் உப்பைக் கொட்டிப் பரப்பினாற்போல் கிடப்பது ஊட்டிப் பக்கம் காந்தலும் தலைக்குந்தாவும் குதிரைப் பந்தய மைதானமும். கொடைக்கானலில் ஜிம்கானா மைதானமும் ஏரிக்கரையும். எல்லாம் பள்ளம்.

பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மேகம் இருந்தால் கம்பளி போர்த்தியது மாதிரி சூடு தங்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்து, காற்றும் அசையாமல் நின்றால் அந்தக் கம்பளி போய்விடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். முதலில் நீர்ப்பனி, இரவு இன்னும் குளிர்ந்தால் உறைபனி.

காஷ்மீரின் ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர்தான், நம் குன்னூரைவிடத் தாழ்வு. அங்கே வெண்பனி கொட்டுகிறது, இங்கே கொட்டுவதில்லை. அது 34 டிகிரி வடக்கு, நாம் 11. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றுத் தொடர் அங்கே மேகத்தையும் குளிரையும் ஒன்றாகக் கொண்டுவருகிறது. நமக்கு மேகம் வந்தாலே இரவு சூடாகிவிடும். மேகம் விலகினால்தான் உறையும். அப்போது கொட்டுவதற்கு மேகம் ஏது?

அளவை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட் 8,848.86 மீட்டர், 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போராசோ அதைவிடச் சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது, தன் உயரம் 6,263 மீட்டர்தான் என்றாலும். நிலநடுக்கோட்டில் பூமி புடைத்திருப்பதே காரணம். ஹவாயின் மௌனா கீயாவைக் கடலடியில் உள்ள அடிவாரத்திலிருந்து அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டும்.

குளிருக்கும் இதே கதைதான். பேப்பரில் வரும் "குறைந்தபட்சம் 3 டிகிரி" தரையிலிருந்து நாலடிக்கு மேல் வானிலை நிலையத்தின் வெள்ளைப் பெட்டிக்குள் எடுத்தது. அதே நேரத்தில் புல் நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். மூன்று டிகிரிதானே என்று தூங்கிவிடாதீர்கள். உங்கள் தெர்மாமீட்டரைப் பயிரின் உயரத்தில் வையுங்கள்.

இனி தோட்டத்துக்கு வருவோம். உறையும் இரவு என்று தெரிந்தால் அன்று பகலிலேயே தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈர மண் பகல் சூட்டை அதிகம் பிடித்து இரவில் மெதுவாக விடும். செடியின் அடியில் காய்ந்த வைக்கோலைத் தடிமனாகப் பரப்பாதீர்கள்; மண்ணின் சூடு மேலே ஏறாமல் அது தடுத்துவிடும், இலை இன்னும் சீக்கிரம் உறையும். மூடுவதென்றால் மேலிருந்து மூடுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் என்ற செடியை வைத்து மூடுகிறார்களே, அது நல்ல முறை. பிளாஸ்டிக் ஷீட் என்றால் குச்சி நட்டுத் தூக்கிக் கட்ட வேண்டும். ஷீட் தொட்ட இலை தொட்ட இடத்திலேயே கருகும்.

ஸ்பிரிங்ளரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தண்ணீர் உறையும்போது ஒரு கிராமுக்கு 80 கலோரி சூட்டை வெளியே விடும். அந்தச் சூடுதான் இலையைக் காப்பாற்றுகிறது. அதனால் உறைவதற்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறி ஐஸ் உருகும்வரை ஓட வேண்டும். நடுராத்திரியில் கரண்ட் போய் நின்றால், இலையில் உள்ள ஈரம் ஆவியாகி, இலை இன்னும் குளிரும். விடியும்வரை ஓட்டத் தண்ணீரும் டீசலும் இல்லாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

கருகிய தேயிலையைப் பார்த்த கையோடு கத்தியை எடுக்காதீர்கள். கருகிய இலையே அடுத்த இரவு கீழ்க்கிளைக்குப் போர்வை. உறைபனி ஓய்ந்து, கிளை எதுவரை செத்திருக்கிறது என்று தெரிந்த பிறகு வெட்டினால் போதும்.

கடைசியாக, தோட்டத்தின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். அங்கே அடர்ந்த வேலி இருந்தால் அது குளிருக்குக் கட்டிய அணை. கீழ்மூலையில் இரண்டு மூன்று அடி அகலத்துக்கு வழி விடுங்கள், தேங்கிய காற்று வடிந்து போகும். எங்கே தேங்குகிறது என்று தெரியவில்லையா? காற்றில்லாத சாயங்காலம், இருட்டிய பிறகு, முழங்கால் உயரத்தில் ஓர் ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை சரிவில் ஊர்ந்து இறங்கும். அது போய்ப் படுக்கும் இடத்தில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் போடாதீர்கள். முட்டைக்கோஸ் போடுங்கள், தாங்கும்.