ஆறு பேரை விரட்டினால் ஜெயித்தாயிற்று

வணக்கம். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன்... ம், இப்போது தெரிகிறதா? பரமபதப் படம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கப் பாட்டி விரித்து வைப்பாரே, அதுதான். மடிப்பு விழுந்த இடமெல்லாம் செல்லோ டேப். கீழேயிருந்து உருட்டி ஏறுகிறோம், பாம்பு கடித்தால் சறுக்குகிறோம், உச்சியில் வைகுண்டம்.

ஜப்பானிலும் இதற்கு ஒரு பங்காளி உண்டு. பெயர் சுகோரோகு. அதன் பழைய வகைகளில் ஒன்று ஜோடோ சுகோரோகு. ஜோடோ என்றால் அமிதாப புத்தரின் தூய நிலம், நம் வைகுண்டம் மாதிரி. பகடை நன்றாக விழுந்தால் அங்கே போகலாம், இல்லாவிட்டால் நரகம். கடைசிக் கட்டத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'அகாரி', அதாவது ஏற்றம். நம் பாட்டிக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

அப்புறம் அந்தப் படத்தில் கடவுள் போய் ஊர்கள் வந்தன, பயணங்கள் வந்தன. 1894இல் சீனாவோடு போர், 1904இல் ரஷ்யாவோடு போர். படத்துக்குள் சிப்பாய்களும் கப்பல்களும் நுழைந்துவிட்டார்கள். இது வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதுதான் விஷயம். சிறுவர் பத்திரிகைகளின் ஜனவரி இதழோடு மடித்து இலவசமாக வைத்துக் கொடுப்பார்கள், நம் ஊரில் தீபாவளி மலரோடு ஏதாவது இணைப்பு வருகிற மாதிரி. புத்தாண்டு விடுமுறை, வீடு முழுக்க ஆட்கள், நடுவில் அந்தத் தாள். 1930களில் 'ஷோனென் குராபு' என்கிற சிறுவர் பத்திரிகை லட்சக்கணக்கில் விற்றது. எத்தனை வீட்டுத் தரையில் அது விரிந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இங்கிலாந்தும் சளைத்ததில்லை. 1914இல் 'பெர்லினுக்குப் போகும் பாதை' என்று ஒரு கைப்பெட்டி விளையாட்டு விற்றது. பெட்டியைச் சாய்த்துச் சாய்த்து, குழியில் விழாமல் சின்ன உலோகக் குண்டை பெர்லின் வரை கொண்டுபோக வேண்டும். ஜெர்மனியில் அடுத்த உலகப் போரின்போது 'இங்கிலாந்தின் மேல் குண்டு வீச்சு' என்று ஒன்று. ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் குண்டு ஓடி வரைபடத்தில் உள்ள ஊர்க் குழியில் விழும். லண்டனில் விழுந்தால் 100 புள்ளி. தாங்கள் பிடித்து வைத்திருக்கிற பிரஸ்ஸல்ஸ் போன்ற ஊரில் விழுந்தால் புள்ளி கழியும். இதிலும் ஒரு ஒழுங்கு!

சரி, நான் சொல்ல வந்தது வேறொன்று. 1938இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் குந்தர் கம்பெனி ஒரு ஆட்டம் போட்டது. பெயர் 'யூடன் ரவுஸ்', யூதர்களே வெளியேறுங்கள் என்று அர்த்தம். பலகையில் மதில் சூழ்ந்த ஒரு நகரம், உள்ளே யூதர்களின் கடைகள். பகடை உருட்டிக் கடை வரை போக வேண்டும். அங்கே ஒரு கூம்புத் தொப்பி, அதில் விகாரமாக வரைந்த ஒரு முகம். அந்தத் தொப்பியை உங்கள் காயின் தலையில் மாட்டி மதிலுக்கு வெளியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆறு பேரைத் துரத்தினால் நீதான் ஜெயித்தாய் என்று பலகையிலேயே எதுகை மோனையோடு பாட்டு மாதிரி எழுதியிருக்கிறது. இன்னொரு மூலையில், பாலஸ்தீனத்துக்குக் கிளம்பு என்று.

பரமபதத்தில் கடி வாங்குவது என் காய்தான். இந்த ஆட்டத்தில் என் காய் அடுத்தவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது.

இதைச் செய்யச் சொல்லி ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் அமைச்சகம் உத்தரவு போடவில்லை. ஒரு விளையாட்டுச் சாமான் வியாபாரி, இப்போது எது ஓடும் என்று பார்த்துப் போட்ட சரக்கு. பிரச்சாரம் என்றதும் நாம் அரசாங்கத்தைத்தான் தேடுவோம், இல்லையா? இங்கே கல்லாப் பெட்டியைத் தேட வேண்டியிருக்கிறது. ஜப்பானில் இலவசமாகக் கொடுத்த அந்தத் தாளும் பத்திரிகை விற்கத்தானே?

அதைவிட வேடிக்கை, அந்த ஆட்டத்தை ஹிட்லரின் எஸ்எஸ் படையின் பத்திரிகையே திட்டியது. 1938 டிசம்பரில், நவம்பர் 9 ராத்திரி நாஜிகள் யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் நொறுக்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குழந்தைகளுக்கு இது ஆகாது என்று திட்டினார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். நாங்கள் ராப்பகலாகப் பார்க்கிற பெரிய வேலையை நீ பகடை ஆட்டமாக்கிக் கேவலப்படுத்துகிறாய் என்பதுதான் அவர்கள் வருத்தம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஒரு நிமிஷம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த ஆட்டத்தின் ஒரு பிரதி இன்றைக்கு லண்டனில் வீனர் நூலகத்தில் இருக்கிறது. அந்த நூலகத்தைத் தொடங்கிய ஆல்பிரட் வீனர் 1933இல் ஜெர்மனியை விட்டுக் குடும்பத்தோடு வெளியேறிய யூதர்.