97 என்றால் நோர்மலா?

மாணவர்களே, ஒரு கணக்கோடு தொடங்குவோம். தோட்டத்தில் கொழுந்தெடுத்த ஓர் அம்மா. வயது 60, எடை 38 கிலோ. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேற்றினின், இரத்தத்தில் (சீரம்) லீற்றருக்கு 97 மைக்ரோமோல். "நோர்மல்தான்" என்று ரிப்போட்டை மடித்துவைக்க மனம் வரும். மடிக்காதீர்கள். 140 இலிருந்து வயதைக் கழித்தால் 80. அதை எடையால் பெருக்கினால் 3040. பெண் என்பதால் 1.04 ஆல் பெருக்கி, 97 ஆல் வகுங்கள். சிறுநீரகம் வடிகட்டும் வீதம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 33 மில்லிலீற்றர்தான் வருகிறது. இளவயதில் 120 அளவில் இருக்க வேண்டியது.

கிரியேற்றினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய உடம்பில் அது கொஞ்சமாகத்தான் உண்டாகும். வடிகட்டல் பாதியாகக் குறைந்தாலும் எண் நோர்மல் எல்லைக்குள்ளேயே நிற்கலாம். ஆகவே எடை பார்க்காமல் மருந்தின் அளவை எழுதாதீர்கள்.

நல்ல சிறுநீரகங்களில் நாளொன்றுக்கு 180 லீற்றர் வடிகிறது. சிறுநீராக வெளியே போவது ஒன்றரை லீற்றர். மிச்சமெல்லாம் மீளகத்துறிஞ்சப்பட்டு இரத்தத்துக்கே திரும்புகிறது. இந்த வடிகட்டலுக்குக் கலன்கோளத்துக்குள், அதாவது வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுக்குள், அமுக்கம் வேண்டும். உடலில் நீர் குறையும்போது அதற்குள் இரத்தம் கொண்டுவரும் உட்காவு புன்னாடியைப் புரொஸ்டாகிளாண்டின் விரித்துவைக்கிறது, வெளியே கொண்டுபோகும் வெளிக்காவு புன்னாடியை ஆஞ்சியோடென்சின் இறுக்கிவைக்கிறது. முழங்கால் வலிக்கு டைக்ளோபெனக் போட்டால் முதலாவது கெடும். பிரஷருக்கு எனலாப்ரில் அல்லது லொசாட்டன் குடித்தால் இரண்டாவது தளரும். அதற்குமேல் சிறுநீரைக் கூட்டும் புரூஸமைட்டும் சேர்ந்து, வயிற்றோட்டமும் வந்துவிட்டால் அமுக்கம் சரிந்துவிடும். மலையில் மலசலகூடம் இல்லையென்று பகல் முழுக்கத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்களிடம் இதைத் தேடிக் கேளுங்கள். வாந்தியும் வயிற்றோட்டமும் இருக்கும் நாட்களில் இம்மருந்துகளை நிறுத்தி, கிரியேற்றினினை மறுபடி பார்க்க வேண்டும். 48 மணித்தியாலத்துக்குள் 26 மைக்ரோமோல் கூடினாலே அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. எண் இன்னமும் 'நோர்மலுக்குள்' நிற்கலாம். முந்தைய ரிப்போட் கையில் இல்லாவிட்டால் தவறவிடுவீர்கள்.

நீரிழிவில் கதை வேறு. அங்கே முதலில் சிறுநீரில் கசிவது அல்புமின் என்ற இரத்தப் புரதம். சிறுநீரின் அல்புமின்–கிரியேற்றினின் விகிதம் மில்லிமோலுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டி மூன்று மாதம் நீடித்தால், வடிகட்டல் வீதம் நன்றாக இருந்தாலும் அது நாட்பட்ட சிறுநீரக நோய்தான். ஆனால் மகியங்கனை, கிராந்துருகோட்டைப் பக்கத்திலிருந்து பதுளைக்கு வரும் விவசாயியிடம், சிறுநீரில் புரதம் பார்க்கும் டிப்ஸ்டிக் ஸ்ட்ரிப் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. அப்பக்கம் காணப்படும், காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய், சிறுநீரகத்தின் சிறுகுழாய்களையும் அவற்றுக்கிடையிலுள்ள இடையிழையத்தையும் தாக்குவது. புரதம் அதிகம் கசியாது. ஸ்ட்ரிப்பை மட்டும் நம்பினால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள்.

எலிக்காய்ச்சலிலும் ஒரு பொறி உண்டு. சிறுநீர் போகிறதே என்று ஆறுதலடைய வேண்டாம்: சிறுநீர் குறையாமலே யூரியா ஏறும், பொற்றாசியம் இறங்கும். சிறுநீரகம் பழுதென்றால் பொற்றாசியம் ஏறும் என்று படித்த பாடம் இங்கே காலை வாரிவிடும்.

காரணம் பிடிபடாத நோயாளியிடம் காமரங்காய்ச் சாறு, பிளிம்பிங்காய்ச் சாறு குடித்தாரா என்று கேளுங்கள். சீனி குறையுமென்று வெறும் வயிற்றில் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள ஒக்சலேற்று சிறுகுழாய்களுக்குள் பளிங்காகப் படிந்து அடைத்துவிடும். "என்ன மருந்து குடிச்சீங்க, அம்மா?" என்றால் சொல்லமாட்டார்கள், அவர்களுக்கு அது மருந்தல்ல. காயின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.