குறட்டை விட்டா நல்ல தூக்கமா? எடை குறைக்கிற ஆபரேஷனுக்கு முன்னாடி கழுத்தை ஏன் அளக்குறாங்க தெரியுமா?

[காட்சி: ஏற்காடு அடிவாரம், காலை நேரம். பஸ் ஒண்ணு மலைப்பாதையில ஏறுது.]

வணக்கம் மக்களே! வீடியோவைத் தள்ளி விட்றாதீங்க, ஒரு சின்ன வேலை இருக்கு. நான் சொல்றப்போ மூச்சை அடக்குங்க. ரெடியா? இப்போ!

[பத்து வினாடி. பேச்சு இல்லை, இசை இல்லை. திரையில எண்ணிக்கை மட்டும் ஓடுது.]

சரி, விடுங்க. பத்தே செகண்ட் தான். முழிச்சிருக்கிறப்போ இது பெரிய விஷயமே இல்ல. எங்க பெரியம்மா இதைத் தூக்கத்துல பண்ணிட்டு இருந்தாங்க. ராத்திரி பூரா. எத்தனை வருஷமா நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது.

தெரிய வந்தது எப்போன்னா, உடம்பு எடையைக் குறைக்கிற ஆபரேஷனுக்குன்னு சேலத்துல ஒரு டாக்டரைப் பார்க்கப் போனப்போ. அவர் எழுதிக் கொடுத்த டெஸ்ட் சீட்டைப் பார்த்துட்டு செவ்வாய்ப்பேட்டையில எங்க சொந்தக்காரங்க எல்லாரும் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "வயித்துல பண்ற ஆபரேஷனுக்கு எதுக்குப்பா தூக்கத்தை டெஸ்ட் பண்றாங்க? காசு பிடுங்கத்தானே?" நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். அது தப்புன்னு புரிஞ்சதாலதான் இந்த வீடியோ.

பின்னணியை வேகமா சொல்லிடுறேன். பிஎம்ஐன்னா உங்க எடையைக் கிலோவுல எடுத்து, உயரத்தை மீட்டர்ல எடுத்து, எடையை உயரத்தால ரெண்டு தடவை வகுக்கிறது. 35-க்கு மேல இருந்தா ஆபரேஷனைப் பத்திப் பேசலாம்னு 2022-ல வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்லுது. நம்ம ஆசிய உடம்புக்கு இன்னும் குறைவான அளவுலயே ஆபத்து ஆரம்பிச்சிடுது, அதனால நமக்கு வரம்பும் கீழ. அவ்ளோதான். விஷயத்துக்கு வருவோம்.

டாக்டர் முதல்ல எடுத்தது ஸ்டெதஸ்கோப் இல்லைங்க, இஞ்ச் டேப்பு. கழுத்தைச் சுத்தி அளந்தாரு. "ஜாக்கெட் தைக்கப் போறீங்களா சார்"னு பெரியம்மா சிரிச்சாங்க. அவர் பெரியப்பா பக்கம் திரும்பி, "அம்மா குறட்டை விடுவாங்களா?"ன்னாரு. பெரியப்பாவுக்கு ஒரே பெருமை. "படுத்தா அஞ்சு நிமிஷம்ங்க. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா. குறட்டை தெருமுனைக்குக் கேக்கும்." டாக்டர் அடுத்துக் கேட்டாரு: "அந்தச் சத்தம் நடுவுல பட்டுன்னு நின்னு, அப்புறம் ஒரு திணறலோட திரும்ப ஆரம்பிக்குமா?" பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் மெதுவா சொன்னாரு: "ஆமாங்க. சத்தத்துல எனக்கு முழிப்பு வராது. அது நிக்கிறப்போதான் வரும்."

அந்த ரூம்ல நானும் இருந்தேன். எனக்குக் கை சில்லுன்னு ஆயிடுச்சு.

தூக்கத்துல இப்படி மூச்சு நின்னு நின்னு வர்ற நோய்க்குப் பேரு தூக்க மூச்சுத் தடை, இங்கிலீஷ்ல ஸ்லீப் ஆப்னியா. கழுத்தளவு எதுக்குன்னா, அது இருக்க வாய்ப்பு இருக்கான்னு பார்க்க ஸ்டாப்-பேங்னு எட்டு கேள்வி கொண்ட ஒரு படிவம் இருக்கு. கனடாவுல டொராண்டோவுல மயக்க மருந்து டாக்டருங்க உருவாக்குனது, 2008-ல வெளிவந்துச்சு. குறட்டை இருக்கா, பகல்ல அசதியா இருக்கா, தூக்கத்துல மூச்சு நிக்கிறதை யாராவது பார்த்திருக்காங்களா, பிரஷர் இருக்கா, பிஎம்ஐ 35-க்கு மேலயா, வயசு 50-க்கு மேலயா, கழுத்து 40 சென்டிமீட்டருக்கு மேலயா, ஆம்பளையா. மூணுக்கு ஆமான்னா கவனிக்கணும், அஞ்சோ அதுக்கு மேலயோ போனா ஆபத்து அதிகம். வீட்டுல டெய்லர் டேப்பு இருந்தா பாருங்க, 40 சென்டிமீட்டர்னா பதினாறு இஞ்சுக்குக் கால் இஞ்ச் கம்மி. ஆம்பளைங்க டேப்பு கூடத் தேட வேணாம். ரெடிமேட் ஃபுல்கை சட்டைங்கள்ல காலர்ல 40, 42ன்னு போட்டிருக்கும் பாருங்க, பல கம்பெனியில அது கழுத்துப்பட்டையோட சென்டிமீட்டர் அளவுதான்!

பெரியம்மாவுக்கு ஆறு கேள்விக்கு ஆமா. அன்னைக்கு ராத்திரியே தூக்க டெஸ்ட். தலையில பசை தடவி வயர் ஒட்டுனாங்க. மூக்குக்குக் கீழ ஒரு குழாய், நெஞ்சுல ஒண்ணு வயித்துல ஒண்ணுன்னு பெல்ட்டு, விரல்ல ஆக்சிஜன் பார்க்குற கிளிப்பு. "இப்படிக் கட்டிப் போட்டா எவ தூங்குவா"ன்னாங்க. அஞ்சு நிமிஷத்துல தூங்கிட்டாங்க. அதுவே ஒரு அறிகுறின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

பத்து செகண்டோ அதுக்கு மேலயோ மூச்சு நின்னாலும், அதே மாதிரி மூச்சு ரொம்பக் குறைஞ்சு ஆக்சிஜன் இறங்கினாலும் கணக்குல சேரும். மணிக்கு அஞ்சுக்குள்ள இருந்தா பரவாயில்ல. 30-க்கு மேலன்னா தீவிரம். பெரியம்மாவுக்கு 30-க்கு மேல.

[காட்சி: மலைப்பாதை. வளைவு எண் பலகைகள் ஒண்ணொண்ணா கடந்து போகுது.]

இந்த 30-ஐ நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன், இது என் மனசை விட்டுப் போகவே இல்ல. ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்துல இருந்து மேல போக 40 நிமிஷம்னு வெச்சுக்கங்க. மணிக்கு 30 தடவைன்னா 40 நிமிஷத்துக்கு 20 தடவை. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தடவை மூச்சு தடைபடுது. இப்போ அதே மலையை ராத்திரி பூரா ஏறிட்டே இருக்கிறதா நெனச்சுப் பாருங்க. காலையில அந்தம்மா எப்படிங்க தெம்பா எழுந்திருப்பாங்க? "எப்பப் பாரு தூங்கி வழியுறா, சோம்பேறி"ன்னு நாமதான் பேசியிருக்கோம்.

ஆபரேஷனுக்கு இதுல என்ன சம்பந்தம்? தூக்கத்துல தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைக்கிறதாலதான் மூச்சு தடைபடுது. மயக்க மருந்து அந்தச் சதையை இன்னும் தளர்த்திடும். அப்புறம் வலிக்குக் கொடுக்கிற சில மருந்து மூச்சு விடுற வேகத்தையே குறைக்கும். ஏற்கனவே தடைபடுற மூச்சு அது. முன்கூட்டியே தெரிஞ்சா, ஆபரேஷனுக்கு முன்னாடியே சிபேப் மெஷினைக் கொடுத்துப் பழக்குவாங்க. மூக்குல மாட்டுற மாஸ்க் வழியா காத்தை அழுத்திக் கொடுத்து, தொண்டை மூடாம பார்த்துக்கிற மெஷின் அது. அட்மிட் ஆகுறப்போ அதைக் கையோட கொண்டு போகணும்.

இன்சூரன்ஸ் வெச்சிருக்கவங்க இதைக் கவனிங்க. இன்சூரன்ஸ் கம்பெனிங்களைக் கண்காணிக்கிற ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த நிபந்தனைப்படி, பல பாலிசியில பிஎம்ஐ 40-க்குக் கீழ, 35-க்கு மேல இருக்கவங்களுக்கு இந்த ஆபரேஷனைச் சேர்க்கணும்னா கூடவே ஒரு தீவிர நோய் இருக்கணும். அந்தப் பட்டியல்ல தீவிர தூக்க மூச்சுத் தடையும் ஒண்ணு. அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமா வைங்க.

மத்த டெஸ்டுங்க? வாய் வழியா கேமரா குழாயை விட்டு இரைப்பையைப் பார்க்குற எண்டோஸ்கோப்பிக்குப் பயப்படாதீங்க, அதைப் பண்ண அருமையான காரணம் இருக்கு. எடை குறைக்கிற ஆபரேஷன்ல ஒரு வகையான இரைப்பை பைபாஸ்ல (இதய பைபாஸ் இல்ல) இரைப்பையோட பெரிய பாகத்தைத் தனியா பிரிச்சு உள்ளேயே விட்டுடுவாங்க. கதவைச் சுவர் வெச்சு அடைச்ச ரூம் மாதிரி. அப்புறம் சாதாரண எண்டோஸ்கோப்பி அங்க போகாது. அதனால அடைக்கிறதுக்கு முன்னாடியே உள்ள புண்ணு இருக்கா, ஹெலிகோபேக்டர் கிருமி இருக்கான்னு பார்த்துடணும். அந்தக் கிருமியாலதான் வயித்துல புண்ணு வருதுன்னு யாரும் நம்பலன்னு ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் 1984-ல அதைக் கலக்கி அவரே குடிச்சாரு! 2005-ல கூட ஆராய்ச்சி பண்ண ராபின் வாரனோட சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு.

ரத்தத்துல மூணு மாசச் சர்க்கரை, தைராய்டு, இரும்புச் சத்து, பி12, விட்டமின் டி பார்ப்பாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் சத்து உடம்புல ஒட்டுறது குறையும், அதனால குறை இருந்தா இப்பவே நிரப்பணும். சைவம் மட்டும் சாப்பிடுறவங்க பி12-ஐ விட்டுடாதீங்க. ஸ்கேன்ல பித்தப்பைக் கல்லும் கல்லீரல் கொழுப்பும் தெரியும். இதயத்துக்கு ஈசிஜி, தேவைப்பட்டா எக்கோ. மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னா யாரும் உங்களைப் பைத்தியம்னு சொல்லல. சாப்பாட்டோட உங்களுக்கு இருக்கிற உறவே மாறப் போகுது, அதுக்குத் தயாரான்னு கேக்குறாங்க. எது எது வேணும்னு உங்க டாக்டர் முடிவு பண்ணுவாரு.

உங்க வீட்டுல யாருக்காவது குறட்டை நடுவுல நிக்குதா? இன்னைக்கு ராத்திரி ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. டாக்டர்கிட்ட போட்டுக் காட்டுங்க. கமெண்ட்லயும் சொல்லுங்க, நான் ஒண்ணு விடாம படிப்பேன்.

பெரியம்மாவுக்கு ஆபரேஷன் வர்ற மாசம். மெஷின் போட்டுத் தூங்க ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. போன ஞாயித்துக்கிழமை எல்லாரும் பஸ்ல ஏற்காடு போனோம். எப்பவும் ரெண்டாவது வளைவு தாண்டுறதுக்குள்ள என் தோள்ல சாஞ்சு தூங்கிடுவாங்க. இந்த வாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து, இருபது வளைவையும் ஒண்ணொண்ணா எனக்கு எண்ணிக் காட்டுனாங்க.