கள்ளுக்கடைக்குக் கதவு இருந்தது

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, பட்டறையிலிருந்து நேராக வந்து உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

கொலுசுப் பட்டறையைக் கூட்டினால் குப்பையை நாம் வெளியே கொட்டுவதில்லை. அதில் வெள்ளித்தூள் இருக்கும். சேர்த்துவைத்து உருக்கி எடுப்போம். அப்படித் தூசியில் காசு பார்க்கிற நம் பையன், டீ ஆறுவதற்குள் போனில் ஐந்நூறு ரூபாயை ரம்மியில் விட்டுவிட்டு, அடுத்த ஐந்நூறுக்குக் கைமாற்றுக் கேட்கிறான்.

1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். கள்ளுக்கடைக்குக் கதவு இருந்தது, பூட்டினார்கள். கலால் வருமானம் போயிற்று. அந்த ஓட்டையை அடைக்க 1939-இல் விற்பனை வரி வந்தது. மது திரும்பி வந்துவிட்டது, வரியும் போகவில்லை. அது வேறு கதை.

சரி, போனுக்கு எந்தக் கதவைப் பூட்டுவது? காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2021-இல் தமிழ்நாடு போட்ட தடைச் சட்டத்தை அந்த ஆகஸ்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லியாயிற்றே! அப்புறம் இதை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு, அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா, மறுபடி நிறைவேற்றம். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. ரம்மியையும், போக்கர் என்ற இன்னொரு சீட்டாட்டத்தையும் மட்டும் தடையிலிருந்து எடுத்துவிட்டது. கல்யாணம் நடக்கட்டும், மாப்பிள்ளை மட்டும் வேண்டாம் என்ற மாதிரி.

திண்ணையில் சீட்டாடினால் பத்து மணிக்குப் பாட்டி வந்து விளக்கை அணைப்பாள். இங்கே விளக்கே அணைவதில்லை. ஆடுகிறவனுக்குத் திறமை இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனிக்குக் கமிஷன் உண்டு. அரசும் சும்மா இருக்கவில்லை: 2023 அக்டோபரில் கட்டுகிற பணத்தின் முழு மதிப்புக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி போட்டது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற பஞ்சாயத்தையே விட்டுவிட்டது. காசு கட்டி ஆடுகிற ஆட்டமா, தடை. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. வங்கிகள் அந்தப் பணத்தைக் கைமாற்றிவிடக் கூடாது. 2006-இல் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க அமெரிக்காவும் பணம் போகும் வழியைத்தான் பிடித்தது, துறைமுகப் பாதுகாப்பு மசோதாவின் வாலில் கட்டி! என்னைக் கேட்டால், கள்ளுக்கடையின் கதவு இப்போது அந்தப் பணம் போகும் வழியில்தான் இருக்கிறது.

போன வாரம் ஒரு தம்பி போனைக் காட்டினான். ஆப் எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் ஏதோ மளிகைக் கடைப் பெயர் வருகிறது. "அண்ணே, மாசம் ஏழாயிரத்துக்கு அந்தக் கடையில என்னடா வாங்கினேன்னு அம்மா கேக்குது" என்றான்.