ஆத்தங்குடி கல்லை வெப் பக்கம் முழுக்கப் பரப்பாதீங்க!

வணக்கம் மக்களே! கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீட்டு முகப்புல நின்னு பேசுறேன். நம்ம பக்கம் ஹோம்ஸ்டே, பலகாரக் கடை, கண்டாங்கிச் சேலைக் கடைன்னு எல்லாரும் வெப்சைட் போடுறாங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா செட்டிநாடு தீம்னு சொன்ன உடனே ஆத்தங்குடி கல், அதாவது நம்ம வீட்டுத் தரையில பதிக்கிற பூப்போட்ட கலர் கல்லோட படத்தைப் பேக்ரவுண்ட் முழுக்கப் பரப்பி, அதுக்கு மேலயே எழுத்தையும் வச்சுடுறாங்க. படிக்கவே முடியல!

கேமராவைத் திருப்புறேன், பாருங்க. தரையில பூ, கலர் எல்லாம் இருக்கு. ஓரத்துல பார்டர் கல் தனியா ஓடி, பூவை அங்கேயே நிறுத்திடுது. சுவர்ல? வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு, வழவழன்னு, வேற ஒண்ணும் கிடையாது. சுவர் சும்மா இருக்குறதாலதான் தரையும் நிலைக்கதவு வேலைப்பாடும் எடுப்பாத் தெரியுது. எவ்வளவு தெளிவா யோசிச்சுக் கட்டியிருக்காங்க! வெப் பக்கத்துலயும் கல் டிசைனை மேல ஒரு பட்டையா வைங்க, இல்லன்னா அடியில வைங்க. எழுத்து நிக்கிற இடத்தை வெறுமனே விட்டுடுங்க.

இப்ப லேப்டாப்பைப் பாருங்க. சேலைப் படம், பேரு, விலை. எல்லாத்துக்கும் நடுவுல ஒரே மாதிரி 16 பிக்சல் (திரையில இருக்குற சின்னப் புள்ளி அளவு) இடம் விட்டா, எந்த விலை எந்தச் சேலைக்குன்னு கண்ணு தடுமாறுது. பேருக்கும் விலைக்கும் நடுவுல 8, அடுத்த சேலைக்கு முன்னாடி 40ன்னு மாத்துறேன். பாத்தீங்களா, கோடு போடல, பெட்டி போடல, தானாப் பிரிஞ்சு நிக்குது!

தமிழ்ல போடுறவங்களுக்கு இன்னொரு விஷயம். 'கீ'க்கு மேல சுழி இருக்கு, 'சூ'வுக்குக் கீழ வரைக்கும் வளைவு இறங்குது. இங்கிலீஷ் டெம்ப்ளேட்ல தலைப்புக்கு லைன் ஹைட், அதாவது ஒரு வரிக்கு விடுற உயரம், எழுத்து சைஸ்ல 1.2 மடங்குன்னு வச்சிருந்தா ரெண்டு வரியும் ஒட்டிக்கிட்டு நெரிசலாத் தெரியும். 1.6ல இருந்து ஆரம்பிச்சுப் பாருங்க. நம்ம வார்த்தைங்களும் நீளம், 'கண்டாங்கிச்சேலைகள்'னு பெரிய சைஸ்ல போட்டா போன்ல ஓரத்தைத் தாண்டி ஓடிடும். பாடி எழுத்து, அதாவது தலைப்புக்குக் கீழ வர்ற சாதாரண எழுத்து, 16 பிக்சல்னா தலைப்பு 28, போல்டு. அது போதும், பெருசாத் தெரிய சுத்தி இடம் விடுங்க.

கடைசியா கலர். அரக்கு நம்ம கலர்தான், ஆனா தலைப்பு, மெனு, பட்டன் எல்லாத்துக்கும் அரக்குன்னா 'ரூம் புக் பண்ண'ங்கிற பட்டன் காணாமப் போயிடும். அரக்கைப் பட்டனுக்கு மட்டும் ஒதுக்குங்க. வெள்ளையில மஞ்சள் எழுத்து வேண்டவே வேண்டாம், வெப் அணுகல் விதிப்படி சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) வேணும், மஞ்சள் அதை எட்டாது. வயசான அப்பத்தாவும் போன்ல விலையைப் படிக்கணும்ல!