பாதி காலியான பாட்டில்

நேயர்களுக்கு வணக்கம். மன்னார்குடிப் பக்கம் பைக் பட்டறை வைத்திருக்கிறேன். நட்டு, போல்ட்டு கழன்று விழாமல் இருக்க மரையில் விடுகிற பசையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்தக் கம்பெனி பாட்டிலாக இருந்தாலும் எங்கள் வாயில் அதற்குப் பேர் லாக்டைட்தான்.

அறுப்பு முடிந்தால் எனக்கு வேலை கூடிவிடும். மொபெட்டில் நெல் மூட்டையை ஏற்றி, வாய்க்கால் கரையிலும் கப்பி ரோட்டிலும் உலுக்கிக்கொண்டு வருவார்கள். முதலில் நம்பர் பிளேட் ஸ்க்ரூ போகும், அப்புறம் கேரியர் போல்ட். ஸ்பிரிங் வாஷர் போட்டும் ஏன் கழலுகிறது என்பார்கள். இறுக்கிய பாகம் குறுக்காக ஆடும்போது போல்ட் தானாகவே திரும்பிக் கழலும் என்று 1969-லேயே யூங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சோதித்துக் காட்டியிருக்கிறார். அந்த ஆட்டத்துக்கு முன்னால் ஸ்பிரிங் வாஷர் பெரிதாக ஒன்றும் செய்யாது. மரைக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பசை நிரப்பி இறுகினால் போல்ட் திரும்ப வழியில்லை.

போன மாதம் ஒரு தம்பி புது பாட்டிலோடு வந்து, "அண்ணே, பாதிதான் இருக்கு, ஏமாத்திட்டாங்க" என்றார். யாரும் ஏமாற்றவில்லை. இந்தப் பசை காற்று இருக்கும்வரை தண்ணியாகவே இருக்கும். காற்று இல்லாமல், உலோகத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தால்தான் இறுகும். அதனால்தான் பாட்டிலுக்குள் காற்றுக்கு இடம் விட்டு அடைக்கிறார்கள்.

சரி, எதை வாங்குவது? அந்த போல்ட்டை மறுபடி எப்போது கழற்றுவீர்கள் என்று யோசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நான் சொல்லும் நிறமும் நம்பரும் லாக்டைட் கம்பெனி பாட்டிலுக்கு உரியவை. ஆறு மில்லிமீட்டர் கனத்துக்குக் கீழான சின்ன ஸ்க்ரூவுக்கு ஊதா, நம்பர் 222. ஆறு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் நீலம், 243. சாதாரண ஸ்பேனரிலேயே கழற்றலாம், லேசான எண்ணெய்ப் பிசுக்கையும் தாங்கும். பைக்கில் பெரும்பாலான வேலைக்கு இந்த நீலமே போதும். சிவப்பு, 271, கழற்றவே போவதில்லை என்கிற இடத்துக்கு. அதைக் கழற்ற 250 டிகிரி வரை சூடு காட்டி, சூடு ஆறுவதற்குள் திருப்ப வேண்டும். நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். 270-ம் பச்சை, 290-ம் பச்சை. முன்னது கெட்டிப் பிடி. பின்னது ஏற்கெனவே இறுக்கிய மரைக்குள் வெளியிலிருந்து ஊறி இறங்குவது. நம்பரைப் படித்து வாங்குங்கள்.

பட்டறை வைத்த புதிதில், பிடி பலமாக இருக்கட்டுமே என்று டிஸ்க் பிரேக் பிளேட்டின் ஆலன் போல்ட்டுகளுக்குச் சிவப்பு விட்டேன். ஒன்றரை வருஷம் கழித்துப் பிளேட் மாற்ற வண்டி வந்தது. ஆலன் சாவி சுற்றிச் சுற்றி, போல்ட் தலையின் ஆறு மூலையும் வட்டமாகிவிட்டது. கடைசியில் டிரில் போட்டு எடுத்தேன். ஒரு நாள் கூலி போச்சு. வண்டிக்காரர் முகம் போன போக்கு தனி.

பசை எதுவானாலும் முதலில் மரையைச் சுத்தம் செய்யுங்கள். நம்ம வயல் களி மரைக்குள் காய்ந்து சிமெண்ட் மாதிரி உட்கார்ந்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்து, உலரவிட்டு, இரண்டு மூன்று மரைக்கு ஒரு சொட்டு விட்டால் போதும். பசை ஈரமாக இருக்கையில் வழுக்கும். கை அறியாமல் அதிகமாக முறுக்கிவிடுவோம், ஜாக்கிரதை. ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் இறுக நேரம் பிடிக்கும்.

ஸ்பார்க் பிளக்குக்கும் ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கும் இது வேண்டாம். சைலன்சர் எஞ்சினோடு சேரும் இடத்துச் சூட்டை நீலம் தாங்காது. இண்டிகேட்டர், சைடு பேனல் பக்கம் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். சில பிளாஸ்டிக் இது பட்டு விரிசல் விடும்.

கால் மணி, அரை மணியில் பிடித்ததுபோல் தெரியும். முழுசாக இறுக 24 மணி நேரம் ஆகும். சாயங்காலம் போட்டால் மறுநாள் சாயங்காலம் மூட்டை ஏற்றுங்கள். நன்றி, வணக்கம்.