கறுப்பு பெயின்ட் ஒரு சொட்டு இல்லாமல் யானைமலை! வீட்டிலேயே பெயின்டிங் பார்ட்டி

வணக்கம் நண்பர்களே! எட்டுப் பேர், எட்டு கேன்வாஸ், எட்டிலும் ஒரே மலை. நம்ம மதுரை ஒத்தக்கடை யானைமலை. அந்த மலையின் சாம்பல் நிறத்துக்குக் கறுப்பு பெயின்ட் ஒரு சொட்டுகூட வேண்டாம். அது எப்படி என்று நடுவில் சொல்கிறேன், அதைப் பார்க்காமல் போய்விடாதீர்கள்.

இந்தப் பார்ட்டி அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 2000-களில் சூடுபிடித்த பழக்கம். ஒரு கையில் ஒயின், மறுகையில் பிரஷ். முன்னால் ஒருவர் நின்று படிப்படியாகச் சொல்லச் சொல்ல, வந்தவர்கள் எல்லாரும் ஒரே படத்தை வரைவார்கள். பின்கதை அவ்வளவுதான். ஒயினை விடுங்கள், நமக்குப் பருத்திப்பால் இருக்கிறது, ஜிகர்தண்டா இருக்கிறது. அந்த 'ஒரே படம்' என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால், ஆளுக்கு ஒன்று இஷ்டம்போல வரையலாம் என்று விட்டால், கை பழகிய ஒருவர் வெளுத்துக் கட்டுவார், மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். எல்லாருக்கும் ஒரே படம் என்றால், தயங்குகிறவர் பக்கத்து கேன்வாஸை எட்டிப் பார்த்தே கற்றுக்கொள்வார். மார்கழியில் வாசலை அடைத்துப் புள்ளிக் கோலம் போடுகிறவர் "எனக்கு வரையவே வராதுப்பா" என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அந்தக் கைக்கு அளவும் தெரியும், வளைவும் தெரியும்.

சரி, எதை வரைவது? மதுரை என்றதும் எல்லாரும் கோபுரத்துக்குப் போவார்கள். வேண்டாம். தெற்குக் கோபுரத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுதைச் சிற்பங்கள். முதல் நாளே அதில் கை வைத்தால் இரண்டாம் நிலை தாண்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். யானைமலைக்கு ஒரே ஒரு கோடு போதும். உயர்நீதிமன்றக் கிளைப் பக்கம் போகும்போது பார்த்திருப்பீர்கள்: மேடாக ஒரு தலை, நீண்டு சரியும் முதுகு, மரம் மட்டையில்லாத மொட்டைப் பாறை. படுத்திருக்கும் யானை. சொக்கநாதர் எய்த நரசிங்கக் கணையில் விழுந்த யானைதான் மலையானது என்கிறது திருவிளையாடற் புராணம்.

[திரையில்: மாலை வெயிலில் யானைமலை]

இந்த மலையின் மேல் எனக்குத் தனிப் பிரியம். அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடைந்தது, கல்வெட்டின் காலம் கி.பி. 770. அதே மலையில் பாறைச் சரிவில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் பூசிய சுண்ணமும் வண்ணமும் இன்றைக்கும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். அந்த மலைக்கு வண்ணம் எடுத்த கைகளில் நம்முடையது முதலாவது இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மலை சாம்பல் நிறம் என்றதும் கை தானாகக் கறுப்பு ட்யூபுக்குப் போகும். கறுப்பையும் வெள்ளையையும் கலந்தால் கிடைப்பது சிமென்ட் மூட்டை நிறம். அதில் உயிர் இருக்காது. அதற்குப் பதில் இரண்டு அக்ரிலிக் ட்யூப் எடுங்கள்: அல்ட்ராமெரைன் புளூ, பர்ன்ட் சியென்னா. ஒன்று அடர்ந்த நீலம், மற்றது செங்கல் பழுப்பு. இரண்டையும் சரிபாதி கலக்குங்கள். முதலில் சேறு மாதிரி ஏதோ வரும், நிறுத்தாதீர்கள், இன்னும் நாலு சுற்று. கறுப்பு வந்துவிடும்! ட்யூபில் வரும் கறுப்பைவிட உயிருள்ள கறுப்பு.

காரணம் எளிமையானது. பர்ன்ட் சியென்னா பார்க்கப் பழுப்பு, அடிப்படையில் அது இருண்ட ஆரஞ்சு. வண்ணச் சக்கரத்தில் ஆரஞ்சுக்கு நேர் எதிரே நிற்பது நீலம். எதிரெதிர் நிறங்கள் கலக்கும்போது ஒன்றின் நிறத்தை மற்றொன்று அமுக்கிவிடும், மிஞ்சுவது சாம்பல். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த படி. அந்தக் கலவையில் கொஞ்சம் வெள்ளை சேர்த்து, நீலத்தைத் தூக்கலாக வையுங்கள்: மழை வரும் முன் இருக்கிற மலை. பழுப்பைத் தூக்குங்கள்: சாயங்கால வெயில் பட்ட மலை. யானையின் முதுகில் வெயில் நிறம், வயிற்றுப் பக்கம் நிழல் நிறம் என்று வைத்தாலே போதும், பாறை எழுந்து நிற்கும். பார்ட்டிக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே ஒரு தட்டில் கலந்து பாருங்கள். வந்த நிறத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், நிஜமாகவே பார்க்க ஆசை.

இந்த இரண்டோடு எலுமிச்சை மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, வெள்ளை. வெள்ளை மட்டும் இரண்டு மடங்கு வாங்குங்கள், முதலில் தீர்வது அதுதான். பத்துக்குப் பன்னிரண்டு அங்குல கேன்வாஸ் போர்டு ஆளுக்கு ஒன்று; பெரிய பட்டை பிரஷ் ஒன்று, சின்ன உருண்டை பிரஷ் ஒன்று. முதலில் வானம், அது காய்ந்ததும் சாக்பீஸில் யானைக் கோடு, அப்புறம் மலை, கடைசியாக முன்னால் வயலும் நாலு பனைமரமும்.

அடுத்தது மதுரைக்காரர்களுக்கே உரிய பிரச்சினை: வெயில். அக்ரிலிக் என்பது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒட்டித் தோலாகிவிடும், அதன்பின் தண்ணீரில் கரையாது. சித்திரை வைகாசியில் ஃபேனுக்கு நேர் கீழே தட்டை வைத்தால், பேசி முடிப்பதற்குள் பெயின்ட் உரிந்து வரும். அதற்காக ஃபேனை நிறுத்தி நண்பர்களை வேகவிட முடியுமா? எவர்சில்வர் தட்டில் ஈரத்துண்டை மடித்து விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதன் மேல் பெயின்டைப் பிதுக்குங்கள். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டில் ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பிரஷ்ஷை மட்டும் எக்காரணம் கொண்டும் காயவிடாதீர்கள், காய்ந்தால் அது குச்சிதான். அதே வெயிலால் ஒரு நன்மையும் உண்டு: வானம் தீட்டிவிட்டு ஒரு டம்ளர் பருத்திப்பால் குடித்து வந்தால், மலை போடத் தயாராக இருக்கும்.

சாப்பாட்டில் ஒரே ஒரு விதி. வரைந்து முடிக்கும்வரை பஜ்ஜி, வடை கூடாது. எண்ணெய்க் கை பட்ட இடத்தில் அக்ரிலிக் ஒட்டாது. அதுவரை அவித்த கடலை, சுண்டல், கொழுக்கட்டை. முடிந்ததும் பஜ்ஜியை இறக்குங்கள், யார் தடுப்பது?

எட்டுப் படத்தையும் சுவரோரம் வரிசையாகச் சாத்தி வையுங்கள். ஒருவர் யானை குட்டியாக இருக்கும், ஒருவருடையது எருமை மாதிரி இருக்கும், ஒருவர் வானத்தை ரோஜா நிறமாக்கியிருப்பார். இந்த இடத்தில் மதிப்பெண் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஆளுக்கு ஒருவர் படத்தை எடுத்துக்கொண்டு போகட்டும். சொந்தப் படம் வந்தால் மறுபடி குலுக்குங்கள். சிநேகிதி வரைந்த மலை நம் வீட்டுச் சுவரில் இருந்தால் அதற்கு ஈடே இல்லை.

அடுத்த பார்ட்டிக்கு நாகமலை இருக்கிறது, பசுமலை இருக்கிறது. எதை முதலில் செய்யலாம் என்று கமெண்டில் சொல்லுங்கள். அதிகம் பேர் கேட்கிற மலைக்கு வண்ணக் கலவையோடு அடுத்த வீடியோ போடுகிறேன்.